எண்ணிப் பார்த்தவர்கள்

நாலு வருடம் முன்பு லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் ஒரு மஞ்சள் போஸ்டரை நேரில் பார்த்தேன். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814-இல் வரைந்த நிர்வாணப் பெண், முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். கையில் விசிறி. தலை மட்டும் கொரில்லா, பல்லைக் காட்டி உறுமுகிறது. "மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குள் போகப் பெண்கள் நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டுமா?" என்று பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. நியூயார்க்கில் இருக்கும் அந்த மியூசியத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களிலோ 85 சதவீதம் பெண்கள் என்று கீழே கணக்கு.

கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு 1989-இல் செய்தது அது. விளம்பரப் பலகைக்கென்று அதைக் கேட்டு வாங்கிய அமைப்பே பிறகு வேண்டாம் என்றது. அவர்களே வாடகை கொடுத்து நியூயார்க் பேருந்துகளில் ஒட்டினார்கள். படம் ஆபாசமாக இருக்கிறது என்று பேருந்து நிறுவனமும் எடுத்துவிட்டது. மியூசியத்துக்குள்ளே மாட்டியிருந்த நிர்வாணங்களில் யாருக்கும் ஆபாசம் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

1984-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி. 160-க்கும் மேற்பட்ட கலைஞர்களில் பெண்கள் 13 பேர்தான். அந்த ஆத்திரத்தில்தான் மறு வருடம் இந்தக் குழு பிறந்தது. முகத்தில் கொரில்லா முகமூடி, சொந்தப் பெயருக்குப் பதில் ஃப்ரீடா காலோ, கேத்தே கோல்விட்ஸ் என்று மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்கள். 2012-இல் மெட்ரோபாலிடனில் மறுபடி எண்ணியபோதும் பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவுதான்.

என்னை உலுக்கியது அந்த எண்ணும் வேலைதான். ஊர் திரும்பியதும் ஒரு குழுக் கண்காட்சியின் அழைப்பிதழை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 41 பெயர்களில் 6 பெண்கள். அமைப்பாளரிடம் கேட்டேன். "பெண்கள் யாரும் அனுப்புறதில்லையேம்மா" என்றார். என் தோழி மூன்று ஓவியங்கள் அனுப்பியிருந்தாள். மூன்றும் திரும்பி வந்தபோது அவற்றைச் சுற்றியிருந்த பிரவுன் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. அவள் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

---

அக்கா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தப் பிரிக்காத தாள் மனதை விட்டுப் போக மறுக்கிறது. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். பெண் கலைஞராக இருப்பதால் வரும் நன்மைகள் என்று கெரில்லா கேர்ள்ஸ் 1988-இல் கேலியாகப் போட்ட போஸ்டரைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வெற்றி என்ற நெருக்கடி இல்லாமல் வேலை செய்யலாம் என்பது முதல் வரி. எண்பது வயதுக்கு மேல் பெயர் வரலாம் என்றும் ஒரு வரி உண்டு. போன வாரம் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி தூரிகையைக் கழுவிக்கொண்டே அதைப் படித்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "மிஸ், உங்களுக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டாள்.