முக்கால் பங்கில் நின்றுவிடும் யூஎஸ்பி டிவிடி ரைட்டர்

கேள்வி:
வணக்கம். விஎச்எஸ் கேசட்டில் இருந்த என் பெற்றோரின் திருமணக் காணொளியைக் கணினியில் ஏற்றி, உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக டிவிடியில் பதிய எண்ணி, சென்ற மாதம் மெல்லிய யூஎஸ்பி ரைட்டர் ஒன்றை வாங்கினேன். இதுவரை ஏழு டிவிடி-ஆர் வட்டுகள் வீணாகிவிட்டன. தொடக்கத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. முக்கால் பங்கு முடிந்த நிலையில் 'டிக், டிக்' என்று இருமுறை ஒலித்துவிட்டு, ரைட்டர் கணினியின் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகிறது.

அதன் அமைப்போ அதைவிட எரிச்சலூட்டுகிறது. கழற்ற முடியாதபடி பெட்டியோடு பிணைத்த கேபிள் ஒரு சாண் நீளம்தான். கேபினெட்டின் பின்புறம் செருகினால் ரைட்டர் அந்தரத்தில் தொங்குவதால், முன்புறத்தில்தான் செருகுகிறேன். தட்டைத் திறக்கும் பொத்தானோ, பெட்டியைத் தூக்கும்போது கட்டைவிரல் படும் இடத்திலேயே இருக்கிறது. நேற்று வட்டு உள்ளே சிக்கிக்கொள்ள, ஊசி விட்டுத் திறக்கும் துளையைத் தேடினேன். அது உத்தரவாத ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது! கிழித்தால் உத்தரவாதம் செல்லாதாம். குறை வட்டிலா, ரைட்டரிலா?

பதில் 1:
மின்சாரப் பற்றாக்குறை என்றே தோன்றுகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. இத்தகைய ரைட்டர்கள் எழுதும்போது அதற்கு மேலும் இழுக்கக்கூடியவை. வட்டின் வெளிவிளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல எழுதும் வேகம் கூடுவதால், வட்டில் தகவல் பதியும் சாயப் படலத்தைக் குறுகிய நேரத்தில் சூடாக்க லேசரின் திறனும் கூட வேண்டியிருக்கிறது. அந்த வேளையில் மின்னழுத்தம் சரிந்து ரைட்டர் அணைந்துவிடும். இதற்காகவே இரண்டு போர்ட்களில் செருகி மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலைக் கேபிளோ, அடாப்டர் செருகும் துளையோ வைப்பது வழக்கம். உங்களுடையதில் இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மெல்லிய நீட்டிப்புக் கேபிள் வாங்கிவிடாதீர்கள். அதில் மின்னழுத்தம் இன்னும் இறங்கும்.

பதில் 2:
மலிவான வட்டுகளாலும் இப்படி நேர்வதுண்டு. வேறு நிறுவனத்தின் வட்டை வாங்கி, முதலில் சோதனை எழுத்து முறையில், அதாவது வட்டில் உண்மையில் பதியாமல் ஒத்திகையாக, ஓட்டிப் பாருங்கள். டிவிடி-ஆர் வகையில் அந்த வசதி உண்டு, டிவிடி+ஆர் வகையில் இல்லை.

பதில் 3:
மேலே எழுதிய நண்பர் பொறுத்தருள வேண்டும். சோதனை எழுத்தின்போது லேசர் முழுத் திறனில் எரிவதில்லை என்பதால், மின்சாரக் குறை அதில் வெளிப்படாமலே போகலாம். தவிர, வட்டு மோசமாக இருந்தால் பிழைச் செய்தி வருமே ஒழிய, ரைட்டர் பட்டியலிலேயே இருக்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) இணைத்து, எழுதும் வேகத்தை 4 எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல் நான்கு மடங்கு) அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பக்கத்துக் கடையிலிருந்து அடாப்டருடன் கூடிய ஹப் ஒன்றை இரவல் வாங்கி இணைத்தவுடன், ஸ்டிக்கரைத் தொடாமலே, பொத்தானை அழுத்திய முதல் முறையே தட்டு திறந்து, சிக்கியிருந்த வட்டு வெளியே வந்தது. பிறகு 4 எக்ஸ் வேகத்தில் எழுதினேன். சுமார் பதினைந்து நிமிடத்தில் முழு வட்டும் தடையின்றி முடிந்தது. எட்டாவது வட்டை எடுக்கும் ஆவலில் பெட்டியைத் தூக்கினேன். கட்டைவிரல் பொத்தானில் பட்டு, சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டு வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அந்தப் பொத்தானைச் சுற்றி அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன்.