கொடிகாமத்து உறவுகள்: குடும்பக் குழுவில் ஒரு படுக்கை வண்டி

மே, சனிக்கிழமை

சித்தி (மார்க்கம், கனடா): (படம்)
நிலவன் வீட்டைக் கடந்து போனேன். கராஜுக்கு முன்னால் ரோஸ் நிறத்தில் நிற்கிற இந்தப் பெட்டி என்ன?

நிலவன்: அது பெட்டி இல்லை சித்தி, படுக்கையறை. ஓகஸ்டில் நானும் அபியும் சுப்பீரியர் ஏரிப் பக்கம் போகிறோம். காரின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் உள்ளே ஏறிப் படுக்கலாம்.

அம்மா: என்னிடம் கராஜைத் துப்புரவாக்குவதாகச் சொன்னான்.

அபி: எனக்கும் அதே கதைதான் சொல்லப்பட்டது, மாமி.

குலம் மாமா: நுரைத் தகட்டிலா ட்ரெயிலர் கட்டுகிறாய்? நான் 401 நெடுஞ்சாலையில் லொறியோடு உன்னை முந்தினால், என் காற்றுக்கே கூரை கழன்று லண்டன் வரை போய்விடும். ஒன்டாரியோ லண்டனைச் சொல்கிறேன்.

நிலவன்: போகாது மாமா. அடியில் இருப்பது இரும்புச் சட்டம், அச்சும் சில்லும் பூட்டி வாங்கிய 4க்கு 8 அடி ட்ரெயிலர். அதன்மேல் ஒட்டுப்பலகைத் தரை. சுவரும் கூரையும் மட்டும்தான் நுரை, வீட்டு நிலவறைச் சுவருக்கு வெளியே ஒட்டுகிறார்களே, அந்த 2 அங்குலத் தகடு. ஒரு முழுத் தகடு 4 கிலோதான் வரும். அதே அளவில் அரை அங்குல ஒட்டுப்பலகை எடுத்தால் 20 கிலோ. எங்கள் காரின் கையேட்டில் 680 கிலோவுக்கு மேல் இழுக்காதே என்று எழுதியிருக்கிறது. பாதிக்கும் கீழே நிற்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

குலம் மாமா: கணக்குச் சரி. கடையில் இதே அளவில் என்ன விலை சொல்கிறார்கள்?

நிலவன்: அதைக் கேட்ட பிறகுதான் கராஜுக்குள் போனேன்.

சித்தி: மழை பெய்தால் நுரை ஊறாதா?

நிலவன்: இந்த வகை நுரை தண்ணீர் குடிக்காது. ஆனால் வெயில் பட்டால் பொடியாகும், விரலால் அழுத்தினாலே குழி விழும். அதனால் மேலே தோல் வேண்டும். பெயின்ட் அடிப்பவர்கள் நிலத்தில் விரிக்கும் பருத்திக் கன்வஸ் துணி இருக்கிறதே, அதுதான் தோல். தகட்டின் மேற்பரப்பை முள் உருளையால் குத்தி, தண்ணீர் தாங்கும் மரப்பசையைச் சற்று இளக்கிப் பூச வேண்டும். ஈரம் இருக்கும்போதே துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு துணியின் மேல் மறுபடி பசை. அது நெய்த நூலுக்குள் இறங்கிக் காய்ந்தால் மேளத்தோல்போல இறுகிவிடும். அதற்கு மேல் வீட்டு வெளிச்சுவர் பெயின்ட், மூன்று பூச்சு.

குலம் மாமா: இவ்வளவு வேலை எதற்கு? என்னிடம் அரை வாளி கொன்டாக்ட் பசை கிடக்கிறது. தடவி ஒரே அமுக்காக ஒட்டிவிடு.

நிலவன்: மாமா, தயவுசெய்து அதைக் கொண்டு வராதீர்கள்! அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினும் அப்படித்தான். எபொக்ஸி ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் விலைக்கு இரண்டாவது ட்ரெயிலர் கட்டலாம்.

அபி: நுரையை வெட்டும்போது பறக்கும் தூளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கையில் ஒட்டினால் உதறினாலும் போகாது, தட்டினாலும் போகாது. நேற்றுப் பருப்பில் ரோஸ் நிறப் பொட்டு மிதந்தது.

அம்மா: அவன் சாப்பிட்டானா?

அபி: கடுகு என்று நினைத்துச் சாப்பிட்டார்.

பெரியப்பா (கொடிகாமம், யாழ்ப்பாணம்): படம் பார்த்தேன். ஒரு அச்சு, இரண்டு சில்லு. அப்படியென்றால் இது நம் வண்டில்தான். தம்பி, முன்பாரம் பின்பாரம் பார்த்தாயா?

நிலவன்: சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: அப்புவின் வண்டிலில் நெல்மூட்டை ஏற்றும்போது கடைசி இரண்டு மூட்டையை அவர் யாரையும் தொட விடமாட்டார். முன்னால் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும், அரைக் கட்டை, அதாவது அரை மைல், போவதற்குள் மாடு படுத்துவிடும். பின்னால் கூடினால் அதைவிட மோசம். நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டில் சொன்ன பக்கம் வராது, வாலை ஆட்டிக்கொண்டு அங்குமிங்கும் போகும். நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அளவாகக் கனக்க வேண்டும். அதற்காக மூட்டையை ஒரு முழம் முன்னே, ஒரு சாண் பின்னே என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்.

குலம் மாமா: அத்தான் சொன்னதுதான் சட்டம். இங்கே அதற்கு எண் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் ட்ரெயிலரின் மூக்கில், அதாவது காரின் பின்னால் ட்ரெயிலரைப் பூட்டும் இரும்புக் குண்டின் மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வேகம் பிடிக்கும்போது பின்னால் பாம்பு நெளிய ஆரம்பிக்கும். நெளிந்தால் பிரேக்கை உதைக்காதே, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சண்டை பிடிக்காதே. காலை மெதுவாக எடு, தானாக அடங்கும். தலைகீழாகக் கிடக்கும் ட்ரெயிலர்களை வடக்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் சாமான் பின்பக்கம்தான் குவிந்திருக்கும்.

சித்தி: அது சரி. குசினி எங்கே? நான் பார்த்த படங்களில் பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பு, தட்டு, சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன.

குலம் மாமா: அது அமெரிக்கர்களின் பழைய பாணி. 1930களிலேயே அங்கே நீர்த்துளி வடிவில் இப்படிக் கட்டினார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய அலுமினியத் தகடு, ஜீப் சில்லு எல்லாம் மலிவாகக் கிடைத்தன. 1947இல் ஒரு தொழில்நுட்ப இதழ் வரைபடத்தையே அச்சிட்டுவிட, ஆளுக்கொன்று கட்டினார்கள்.

நிலவன்: அவர்கள் பின்குசினிக்கு ஏற்றபடி அச்சையும் பின்னால் தள்ளி வைத்தார்கள் சித்தி. நான் வாங்கிய சட்டத்தில் அச்சு இருக்கிற இடத்தில்தான் இருக்கும். பின்னால் 40 கிலோ குசினி வைத்தால் பெரியப்பாவின் மாட்டுக்குத் தொண்டை இறுகிவிடும். இன்னொன்று, அங்கே கரடி உண்டு. சாப்பாட்டு வாசனையோடு நுரைச் சுவருக்குள் படுத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் இரவில் பூட்டிய காருக்குள் போகும். அடுப்பு மேசையில், வெளியே.

சித்தி: பற்பசையுமா?

நிலவன்: வாசனை உள்ள எதுவும்.

துஷி (ஒட்டாவா): வெளியே என்று சொன்னதில் நான் ஒரு கோடு போடுகிறேன். மழை வந்தாலும் அடுப்பு உள்ளே வரக்கூடாது. வாயு அடுப்பு, கரி அடுப்பு, வாயு ஹீட்டர் எதுவும். இவ்வளவு சிறிய அடைப்பில் கார்பன் மொனொக்சைட் நிறைய நேரம் எடுக்காது. வாசனையும் கிடையாது, எழுப்பவும் எழுப்பாது. மின்கலத்தில் ஓடும் அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். அவசரப் பிரிவில் இரவு வேலை செய்கிறவள் சொல்கிறேன்.

அம்மா: அலாரத்தை விடு. மூச்சுக் காற்றுக்கே என்ன வழி?

நிலவன்: இரண்டு பக்கமும் வலை போட்ட யன்னல், கூரையில் விசிறியோடு 14 அங்குலத் துவாரம். யன்னலை இரண்டு விரல் திறந்து விசிறியை மெதுவாக ஓட விட்டால் போதும், அம்மா. அது இல்லாவிட்டால் மூச்சு அடைப்பதற்கு முன், இரண்டு பேர் விடும் ஈரமே சுவரில் வழிந்து மெத்தையை நனைத்துவிடும்.

சித்தி: சின்னவன் கேட்கிறான், ஓடும்போது உள்ளே படுத்துக்கொண்டு வரலாமா என்று.

குலம் மாமா: கூடவே கூடாது. ஒன்டாரியோவில் ஆளை உள்ளே வைத்து ட்ரெயிலரை இழுப்பது குற்றம். சாரதிக்குத்தான் தண்டம்.

அபி: எல்லோரும் கேட்டு முடித்துவிட்டால் எனக்கும் ஒரு கேள்வி. இவர் தினமும் சொல்லும் மந்திரம், "இது படுக்கை மட்டும், வேறெதற்கும் இடமில்லை." நல்லது. வெளி அகலம் 4 அடி. இரண்டு சுவருமாக 4 அங்குலம் போனால் உள்ளே 44. வரவேற்பறையில் டேப் ஒட்டி, அதற்குள் இருவரும் படுத்துப் பார்த்தோம். இவர் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். படுக்கை மட்டும் என்றால் படுக்கையாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

குலம் மாமா: 😂

துஷி: அபி அண்ணி சொல்வது நியாயம்.

நிலவன்: அகலத்தைக் கூட்டினால் காற்று கூடுதலாகப் பிடிக்கும், எரிபொருள் செலவாகும்.

குலம் மாமா: காரின் முகத்தைவிட அகலமாகப் போனால்தான் அந்தப் பேச்சு. 5 அடி என்பது காருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெட்டியைச் சில்லுக்கு மேலாக இரண்டு பக்கமும் அரையடி தள்ளிக் கட்டு. தரையை மரச்சட்டம் வைத்து உயர்த்து, ஸ்பிரிங் வில் அமுங்கும்போது டயர் பெட்டியின் தரையில் உரசக்கூடாது. அது ஒன்றுதான் பிரச்சினை.

நிலவன்: 5 அடி என்றால் உள்ளே 56 அங்குலம்.

அபி: கடையில் விற்கும் இரட்டை மெத்தை 54 அங்குலம். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

நிலவன்: கூடுதலாக இரண்டு தகடு. 8 கிலோ. தரையிலும் கொஞ்சம் ஏறும்.

அபி: அந்தக் கிலோவை நான் மனமாரத் தருகிறேன்.

அம்மா: இன்னும் ஒட்டவில்லைத்தானே? அவள் சொன்னபடி செய்.

நிலவன்: இல்லை, டேப் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன். சரி, 5 அடி.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: கை தவறிப் பட்டுவிட்டது. முகப்பில் பிள்ளையார் படம் ஒன்று வைக்க இடம் விடுங்கள். அது பாரத்தில் சேராது.

ஜூன், ஞாயிற்றுக்கிழமை

நிலவன்: (படம்)
பெயின்ட் முடிந்தது. நிறம் அபியின் தெரிவு.

சித்தி: கத்தரிப்பூ நிறம்! அழகாகத்தான் இருக்கிறது. துணி ஒட்டியிருப்பதே தெரியவில்லையே.

நிலவன்: கிட்டப் போனால் நெசவு தெரியும், சித்தி. மூலை வளைவுகளில் துணி சுருங்காமல் வர, தையற்காரர் கழுத்துப் பட்டிக்குச் செய்வதுபோலச் சின்னச் சின்ன வெட்டு வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைத்தோம். அந்த யோசனையும் அபியுடையதுதான். மே கடைசியில் இரவு குளிராக இருந்தது. 10 பாகைக்குக் கீழே போனால் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் கராஜுக்குள் ஹீட்டர் போட்டோம்.

அம்மா: மின்சாரக் கட்டணம் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

குலம் மாமா: நிறுத்துப் பார்த்தாயா?

நிலவன்: நீங்கள் சொன்னபடி குளியலறைத் தராசில். மூக்கைக் காரில் பூட்டும் உயரத்துக்குச் சமமாக வைத்துவிட்டு, மூக்கின் கீழ் ஒரு முறை, ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு முறை. மூக்கு 24, சில்லுகள் 121, 119. மொத்தம் 264 கிலோ, மெத்தையோடு.

குலம் மாமா: 24 போதாது. 9 வீதம்தான் வருகிறது. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

நிலவன்: விளக்குக்கும் விசிறிக்கும் உள்ள பற்றரி, 12 கிலோ.

குலம் மாமா: அதைக் கழற்றி முன்னால் ஒரு பெட்டியில் போடு.

பெரியப்பா: கடைசி மூட்டை!

நிலவன்: (படம்)
போட்டாயிற்று. இப்போது மூக்கு 36. கிட்டத்தட்ட 13½ வீதம்.

குலம் மாமா: இனி நடுவழியில் கண்டதையும் வாங்கிப் பின்னால் திணிக்காதே. விளக்கெல்லாம் எரிகிறதா?

நிலவன்: இடப்பக்கச் சமிக்ஞை போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டுகிறது.

குலம் மாமா: வெள்ளைக் கம்பியைப் பார். நான்கு கம்பியில் வெள்ளை நிலக்கம்பி, மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சள் இடம், பச்சை வலம். பத்தில் ஒன்பது முறை குற்றவாளி வெள்ளைதான். சட்டத்தில் பெயின்ட் மேலேயே திருகாணி போட்டிருப்பாய். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கு.

நிலவன்: ஒரு நிமிடம்.

நிலவன்: சரியாகிவிட்டது மாமா!

துஷி: பிரேக் இல்லையா இதற்கு?

குலம் மாமா: ஒன்டாரியோவில் 1360 கிலோவுக்குக் கீழே ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டாம். ஆனால் கார் நிற்கும் தூரம் கூடும், அதை மறக்காதே தம்பி. மணிக்கு 100ஐத் தாண்டாதே. ட்ரெயிலர் டயர்கள் பல மணிக்கு 65 மைலுக்குத்தான் கணக்கிடப்பட்டவை. இலக்கத் தகடு எடுத்தாயா?

நிலவன்: எடுத்துவிட்டேன். ட்ரெயிலருக்கு ஒரு முறை எடுத்தால் புதுப்பிக்க வேண்டாம்.

சித்தி: வழியில் வாவா என்ற ஊரிலுள்ள வாத்துச் சிலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நாங்கள் போனபோது பழைய சிலை துருப்பிடித்து நின்றது.

நிலவன்: 2017இல் புதிதாக வைத்துவிட்டார்கள், சித்தி. அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் அடுத்த சனி பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஓர் இரவு படுத்துப் பார்க்கப் போகிறோம்.

அபி: கறுப்பு ஈ இன்னும் முழுதாக ஓயவில்லை. யன்னல் வலையின் தரம் அன்றிரவே தெரிந்துவிடும்.

அம்மா: குலம், போவதற்கு முன் நீ ஒருதரம் வந்து பார்.

குலம் மாமா: வெள்ளி பின்னேரம் வருகிறேன், அக்கா. தம்பி, பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழே குறுக்காகப் போட்டு வை. கொக்கி கழன்றால் மூக்கு வீதியில் குத்தாமல் சங்கிலியிலேயே தொங்கும். சில்லு நட்டுகளை முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கு. இறுக்கும் கருவி உன்னிடம் இருக்கிறதா, நான் கொண்டு வரவா?

நிலவன்: கொண்டு வாருங்கள் மாமா. கொன்டாக்ட் பசையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.