டிசம்பர் லீவுக்கு பூட்டான் - வயசானவங்களோட போனவங்க யாராவது இருக்கீங்களா?

மதுரைமல்லி:
வணக்கம் மக்களே, அரையாண்டு லீவுக்கு பூட்டான் போலாம்னு வீட்ல ஒரு மாசமா பேச்சு ஓடுது. நான், வீட்டுக்காரர், அத்தை (66 வயசு, மூட்டு வலி), பையனுக்கு 10, பொண்ணுக்கு ஜனவரில 6 முடியுது. எங்க அண்ணன் சிங்கப்பூர் சிட்டிசன், அவனும் பாக்டோக்ரா ஏர்போர்ட்ல (சிலிகுரி பக்கம்) வந்து சேந்துக்கிறேங்கறான். 5 நைட் தான் பிளான். ஏஜென்ட் ஒருத்தர் மொத்தமா ஒரு ரேட் சொன்னாரு, உள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டா "எல்லாம் அடக்கம் மேடம்"னு முடிச்சிட்டாரு. தலைக்கு இவ்வளவுன்னு அந்த ஊரு கவர்மென்டுக்கு தனியா பணம் கட்டணுமாமே, அதுவும் இதுல சேர்த்தியா? எங்க யார்கிட்டயும் பாஸ்போர்ட் இல்ல, ஆதார் போதும்ல? அப்புறம் அந்த மலை ஓரத்துல தொங்குற கோயில் படத்த அத்தை பாத்துட்டாங்க, ஏறியே தீருவேன்னு நிக்கிறாங்க.

மலையேறி:
அக்கா முதல்ல ஆதார மறந்துடுங்க. பூட்டானுக்கு நமக்கு விசா கிடையாது, பெர்மிட் தான், ஆனா அதுக்கு பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி வேணும், ஆதார் செல்லாது. பசங்களுக்கு பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல், இங்கிலீஷ்ல இருக்கான்னு இப்பவே எடுத்துப் பாருங்க. அத்தையோட வோட்டர் ஐடி எந்தக் காலத்துதுன்னும் பாத்துக்கோங்க, எங்க அப்பாவோடதுல போட்டோவே அழிஞ்சு போயி, இனிஷியல் வேற தப்பா இருந்து, பார்டர்ல கவுன்டர்ல நின்ன அந்த ஒரு மணி நேரத்துல எனக்கு பாதி முடி கொட்டிடுச்சு.

நீங்க கேட்ட பணம் எஸ்டிஎஃப், அதாவது சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் ஃபீ. இந்தியர்களுக்கு ஒரு ஆளு ஒரு நைட்டுக்கு 1,200 ரூபா, 6ல இருந்து 12 வயசு வரைக்கும் பாதி, 6க்கு கீழ ஃப்ரீ. பெரியவங்க 3 பேரு 3,600, பையனுக்கு 600, பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஆக நைட்டுக்கு 4,200, 5 நைட்டுக்கு 21,000. ஏஜென்ட் கிட்ட இந்த நம்பர சொல்லி இது உள்ளயா வெளியயான்னு எழுத்துல வாங்குங்க. பாப்பா பர்த்டேய அங்க கொண்டாடலாம்னு ஜனவரிக்கு மட்டும் தள்ளிடாதீங்க.

அண்ணன் கதை வேற. சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா அவருக்கு நைட்டுக்கு 100 டாலர், விசா ஃபீஸ் 40 டாலர் தனி. தமிழ் பேசினாலும், ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசனா இருக்கற இந்திய வம்சாவளிக்கு நம்ம கவர்மென்ட் குடுக்குற கார்டு) காட்டினாலும் தள்ளுபடி கிடையாது. ஒருத்தரோட ஃபீஸ் உங்க அஞ்சு பேர விட ரெண்டு மடங்குக்கு மேல வரும், அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஊர்க்குருவி:
21 ஆயிரத்த சும்மா கட்டிட்டு எதுக்கு போகணும், அதே பாக்டோக்ரால எறங்கி சிக்கிம் போனா அதே மலை அதே மோமோ. 2020க்கு முன்னாடி பூட்டான்ல நமக்கு இந்த ஃபீஸே கிடையாது.

மலையேறி:
@ஊர்க்குருவி சிக்கிம் நல்ல ஊரு தான், யாரு இல்லன்னா. ஆனா தலைநகரத்துல ஒரு டிராஃபிக் சிக்னல் கூட இல்லாம, நடு ரோட்டுல போலீஸ்காரர் டான்ஸ் ஆடுற மாதிரி கைய காட்டி வண்டிய அனுப்புறத திம்புல தான் பாக்க முடியும். ஹாரன் சத்தம் இல்லாத ரோடு 5 நாள், எனக்கு அதுக்கே அந்தக் காசு தகும்.

இட்லிப்பொடி:
மல்லி, நான் போன டிசம்பர்ல எங்க அம்மாவோட போனேன், அவங்களுக்கும் முட்டி பிரச்சனை. அந்தக் கோயில் பேரு தக்சாங், பாரோல இருக்கு, 3,100 மீட்டர் உயரம். பாதி வழி கேன்டீன் வரைக்கும் குதிரை கிடைக்கும், ஆனா எறங்கும்போது குதிரைல விடமாட்டாங்க, நடந்து தான் வரணும், மூட்டு வலிக்காரங்களுக்கு எறக்கம் தானே எமன். கேன்டீனுக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏறி, அப்புறம் படியா எறங்கி திரும்ப படியா ஏறணும், 700 படிக்கு மேல. அம்மா கேன்டீன்லயே உக்காந்துட்டாங்க, அங்கேருந்தே கோயில் நேரா தெரியுது, டீய குடிச்சிட்டு கும்பிட்டுட்டு இருந்தாங்க. நான் மட்டும் மேல போயிட்டு வந்தேன். மொத நாளே இத வைக்காதீங்க, உடம்பு உயரத்துக்குப் பழகட்டும், கடைசி நாளுக்கு முந்தின நாள் வைங்க.

குளிரு பத்தி: திம்பு பாரோல ராத்திரி மைனஸ் போகும், ஆனா வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். புனாக்கா 1,200 மீட்டர் சொச்சம் தான், அங்க வெயிலே அடிக்கும், அத்தைக்கு அங்க 2 நைட் போடுங்க. ரெண்டு ஆறு சேருற எடத்துல ஒரு கோட்டை, 1637ல கட்ட ஆரம்பிச்சது, உள்ள போறப்ப முழுக்கை போட்டுக்கோங்க. பக்கத்துல சிமி லாகாங்னு குழந்தை வரம் கேக்குற கோயில் இருக்கு, அந்த ஊரு சுவர்ல எல்லாம் ஒரு மாதிரி படம் வரைஞ்சிருப்பாங்க, அத்தையோட போறீங்க, முன்னாடியே சொல்லிட்டேன் 😂

சாப்பாடு பயப்படாதீங்க. எமா தட்ஷின்னா பச்சமொளகாயவே காய் மாதிரி போட்டு சீஸ்ல வேகவைக்கிறது, பசங்களுக்கு கேவா தட்ஷின்னு கேளுங்க, உருளைக்கெழங்கு. ஆனாலும் பொடி டப்பா எடுத்துட்டுப் போனேன், என் பேரப் பாத்தாலே தெரியுமே.

மலையேறி:
விட்டுப்போனது ஒண்ணு. அந்த ஊரு பணம் நுல்ட்ரம், நம்ம ரூபாவுக்கு சமம், அங்க ரூபாவும் வாங்கிப்பாங்க, ஆனா மிச்சம் நுல்ட்ரம் மதுரைல செல்லாது, அங்கேயே செலவு பண்ணிடுங்க. பாரோக்கு ஃப்ளைட்னா, பகல்ல மட்டும் தான் எறக்குவாங்க, மேகம் மூடினா லேட்டு, கேன்சல். அன்னைக்கே சென்னை கனெக்‌ஷன் போட்டு நான் டிக்கெட்ட விட்டேன், நடுவுல ஒரு நைட் கேப் விடுங்க. ரோடு வழின்னா நம்ம பக்க பார்டர் ஊரு ஜெய்கான், அத தாண்டினா பூட்டான் பக்கம் புன்ட்ஷோலிங், அங்கேருந்து திம்பு 5 மணி நேரம், வாந்தி மாத்திரை வாங்கிக்கோங்க.

மதுரைமல்லி:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அத்தையோட வோட்டர் ஐடிய எடுத்துப் பாத்தா அதுல அவங்க வயசு 6 வருசம் கம்மியா இருக்கு, திருத்த அப்ளை பண்ணப் போறோம்னா "அது அப்படியே இருக்கட்டும்"ங்கறாங்க. குதிரை மேட்டர சொன்னதும், ஏறுறதுக்கு குதிரை, எறங்க நீ இருக்கேல்லன்னு ஒரே போடு போட்டுட்டாங்க. அண்ணன் 100 டாலர கேட்டதுல இருந்து போனே எடுக்கல.