கொடைக்கானல் ஏரியில் மூடுபனி: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

தேனிப்பக்கம்:
போன டிசம்பர், சாயங்காலம் நாலு மணி. மிதிபடகில் நான், மனைவி, ஐந்து வயது மகள். அங்கே பனி எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரையன்ட் பூங்கா மரங்கள் முதலில் மறைந்தன, அப்புறம் தண்ணீரே மறைந்தது. "அப்பா, ஏரி எங்க?" என்றாள் மகள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் குரல்: "தம்பி, கரை எந்தப் பக்கம்?" ஆளும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை. "இடது பக்கம் போங்கய்யா" என்றேன். எனக்கே தெரியாது. மனைவி பக்கத்தில் இருக்க, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் இடதா, அவர் இடதா என்றும் சொல்லவில்லை. துடுப்புச் சத்தம் விலகிப் போய்விட்டது. சாலையில் குதிரைக் குளம்படி கேட்டது, அதைப் பிடித்து மிதித்தேன். கரை வலப்பக்கம் இருந்தது.

ஏரிச்சாலை:
இதற்கா இவ்வளவு? 1863ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி, கடலா? சுற்றிவரச் சாலையே 5 கிலோமீட்டர்தான். எந்தப் பக்கம் மிதித்தாலும் கரைதான் வரும்.

ஊட்டிக்காரி:
ஏரிச்சாலை, நீங்கள் உள்ளூர்க்காரர், அப்படித்தான் சொல்வீர்கள். அது நட்சத்திர வடிவ ஏரி. ஏதாவது ஒரு கைக்குள் நுழைந்துவிட்டால் கரை கிடைக்கும், படகுத்துறை கிடைக்காது. வயசானவர் என்ன செய்வார்?

எங்கள் ஊட்டி ஏரியில் ஒருமுறை, எங்கம்மா படகு ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பனி மூடியதும் எழுந்து நின்று, சந்தையில் காய் விற்பவர் மாதிரி என் பெயரைக் கூவிக்கொண்டே இருந்தார். மானம் போனது. அந்தக் குரலைப் பிடித்துத்தான் வந்து சேர்ந்தோம்.

பயண அண்ணாச்சி:
எல்லோருக்கும் சொல்கிறேன். படகு என்றால் காலையிலேயே போய்விட வேண்டும், மதியத்துக்கு மேல் பனியை நம்பக் கூடாது. வண்டிக்கு இ-பாஸ் எடுங்கள், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவுப்படி வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்குக் குல்லாய் கட்டாயம். கூட்டம் பிடிக்காதென்றால் பேரிஜம் ஏரிக்குப் போங்கள், வனத்துறை அனுமதி வாங்கணும், அங்கே படகு கிடையாது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சைக்கிள் எடுத்தால் பிரேக்கைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், சும்மா மாட்டிக்கொள்வதில் பிரயோஜனமில்லை.

என் அனுபவம்: 1998ல் அந்த ஏரியில் தொப்பி விழுந்தது. கிடைக்கவில்லை.

தேனிப்பக்கம்:
அண்ணாச்சி, இ-பாஸ் எடுத்துத்தான் போனேன். விஷயம் அது இல்லை.

ஊட்டிக்காரி அக்கா கேட்டதைத்தான் நானும் நினைத்தேன். மகளுக்கு மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, படகுத்துறையிலேயே இருட்டும்வரை நின்றேன். துடுப்புப் படகிலிருந்து இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து இறங்கினார்கள். எனக்குக் குரல் மட்டும்தானே தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.