கார் ஓடும்போது கோரிப்பாளையம் கேமரா லைவ் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

திருமங்கலத்துக்காரர்:
அம்மாவை டயாலிசிஸுக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரை அண்ணா நகர் கூட்டிப் போகிறேன். வெயிலில் நெரிசலில் மாட்டினால் அம்மாவால் தாங்க முடிவதில்லை. கோரிப்பாளையம் சிக்னலைப் பார்த்தபடி மாமா கடை இருக்கிறது, வாசல் கேமராவில் ரோடு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து, ஊருக்குள் போவதா, கப்பலூரிலேயே ரிங் ரோட்டில் திரும்பி விரகனூர் வழியாகப் போவதா என்று முடிவு செய்ய ஆசை. காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, அதில் ஆப் போட்டிருக்கிறேன். வீட்டு வாசலில் அருமையாக ஓடுகிறது. வண்டி நகர்ந்ததும் திரை கறுப்பாகிவிடுகிறது. பக்கத்து சீட்டில் தம்பி போனில் பார்த்தாலும் கொஞ்ச தூரத்தில் படம் உறைந்துவிடுகிறது.

சிசிடிவி மெக்கானிக்:
இது இரண்டு தனி விஷயம். ஸ்டீரியோ கறுப்பாவது பழுது இல்லை. ஹேண்ட் பிரேக்கிலிருந்து ஒரு வயர் அதற்குப் போகும். பிரேக்கை எடுத்ததும் வீடியோவை அதுவே நிறுத்தும். அந்த வயரை பாடியில் எர்த் செய்து ஏமாற்றித் தருகிற கடைகள் உண்டு, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓட்டும்போது கைபேசியை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமல், என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது.

தம்பி போனுக்கு வருவோம். வீட்டில் ஓடுகிறது என்றால் கடை நெட்டும் கேமராவும் சரி. வண்டி டவர் விட்டு டவர் மாறும்போது இணைப்பு அறுகிறது, அல்லது வேகம் குறைகிறது. ஆப்பில் எச்டி என்று இருப்பதை எஸ்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். அது சப் ஸ்ட்ரீம், அதாவது கேமரா அனுப்பும் தரம் குறைந்த சின்னப் படம். கேமரா செட்டிங்கில் அதை 640×360, நொடிக்கு 10 பிரேம், 256 கேபிபிஎஸ், எச்.264 என்று வைத்தால் பலவீனமான சிக்னலிலும் பெரும்பாலும் வந்துவிடும். பஸ் நிற்கிறதா நகர்கிறதா என்று பார்க்க அது போதும். அப்புறம், மாமாவின் அட்மின் பாஸ்வேர்டை யார் போனிலும் வைக்காதீர்கள், லைவ் மட்டும் பார்க்கிற தனி யூசர் போட்டுக்கொள்ளுங்கள்.

யானைக்கல்:
அண்ணே, ஒன்று சொல்கிறேன். கப்பலூரில் நீங்கள் பார்ப்பது அந்த நேரத்துக் கோரிப்பாளையம். பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல் தாண்டி நீங்கள் வருவதற்குள் எல்லாம் மாறியிருக்கும். நேரக் கணக்குக்கு கூகுள் மேப்பே போதும். ஆனால் சிவப்புக் கோடு எதனால் என்று கேமராதான் காட்டும். வெறும் சிக்னல் நெரிசல் கரைந்துவிடும். ஊர்வலம் என்றால் தயங்காமல் ரிங் ரோடு. கப்பலூரில் ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அதுக்கப்புறம் ரிங் ரோட்டுக்குத் திரும்புவது சிரமம்.

திருமங்கலத்துக்காரர்:
எஸ்டிக்கு மாற்றியதும் திருப்பரங்குன்றம் தாண்டியும் தம்பி போனில் படம் நிற்கவில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன். சித்திரைத் திருவிழா சமயத்திலும் இது வேலை செய்யுமா?

சிசிடிவி மெக்கானிக்:
அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று நம்பாதீர்கள். கோரிப்பாளையம் பக்கத்து ஏ.வி. பாலத்தைச் சுற்றி அவ்வளவு பேர் கையிலும் போன், டவர் திணறும். மாமா கடைக்கு பைபர் லைன் இருந்தால் படம் அங்கிருந்து கிளம்பிவிடும், ஆனால் பாதையே மாற்றிவிட்டிருப்பார்கள். டயாலிசிஸ் அன்று விழுந்தால், முந்தின நாளே ஆஸ்பத்திரியில் பேசி நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.