ரிமோர்ஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மார்த்தாண்டத்திலிருந்து:
வணக்கம். பி.எட் மாணவர்களுக்கான உளவியல் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கில்ட் குற்றவுணர்வு, ஷேம் வெட்கம், ரிக்ரெட் வருத்தம், இதுவரை சரி. ரிமோர்ஸில் வந்து நின்றுவிட்டேன். தப்பு என்று தெரிந்தால் மட்டும் போதாது, அடிபட்டவரை நினைத்து உள்ளே வலிக்கவும் வேண்டும். 'கழிவிரக்கம்' என்று போட்டேன். "அது நம்மளையே பாவம்னு நினைக்கிறதில்லையா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நாகர்கோவிலிலிருந்து:
அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை டீச்சர், இன்று எழுதுகிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கழிந்ததற்கு இரங்குவது கழிவிரக்கம், இதில் 'தன்' எங்கே இருக்கிறது? 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்கிறது குறள். பரிமேலழகர் அங்கே எற்று என்பதற்கு 'எத்தன்மைத்து', அதாவது எப்படிப்பட்டது, என்று உரை சொல்கிறார். ஆனால் 'எற்றென் கிளவி இறந்த பொருட்டே', எற்று என்றால் கழிந்துபோனது, என்று தொல்காப்பியம் இருக்கிறதே! அந்த எற்றை இங்கே வைத்துப் பாருங்கள், 'போயிற்றே என்று இரங்குதல்', அச்சு அசலாகக் கழிவிரக்கம். பத்து வருஷமாகச் சொல்கிறேன், கேட்க ஆளில்லை.

குளச்சலிலிருந்து:
சார், எற்று இருக்கட்டும். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு, முன் 'உத்தம மனஸ்தாபம்' என்போம், செய்த பாவத்துக்கு மனம் நொந்து வருந்துவது. வெளியே வந்து "அவனுக்கும் எனக்கும் மனஸ்தாபம்" என்றால் அது வேலித் தகராறு. வடமொழியில் அனுதாபம் என்பதே செய்ததை எண்ணி வருந்துவதுதான், நம்மிடம் வந்து தேர்தல் அலையாகிவிட்டது. சி.எஸ்.ஐ. சபை நண்பர்கள் பைபிளின் 51ஆம் சங்கீதத்தில் 'நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்' என்று வாசிப்பார்கள். இந்த மனஸ்தாபத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் கான்ட்ரிஷனின் லத்தீன் வேரும் அரைத்து நொறுக்குவதுதான். அழகுதான், ஆனால் குறிப்பேட்டில் 'உளநருக்கம்' என்று போட்டால் நெருக்கம் என்று திருத்திவிடுவார்கள். என் ஓட்டு பச்சாத்தாபத்துக்கு, செய்தபின் எண்ணி வருந்துவது. விளவங்கோடு பக்கம் எல்லாருக்கும் புரியும்.

தக்கலையிலிருந்து:
பச்சாத்தாபமா? மலையாளத்தில் அல்லவா அப்படிச் சொல்வார்கள்! அதற்கா அண்ணே நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்? ரிமோர்ஸின் வேர் 'மறுபடி கடிப்பது'. 'மறுகடி' என்று வைக்கலாம்தான், ஆனால் நாய்க்கு ஊசி போடச் சொல்வார்கள். எங்கள் பாட்டி வெற்றிலைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு நீற்றுவாள். சுட்ட சிப்பி மேல் தண்ணீர் தெளித்ததும் தீயே இருக்காது, ஆனால் பானையைத் தொட முடியாது, உள்ளே புஸ் புஸ்ஸென்று வெடித்து மாவாகிக்கொண்டிருக்கும். 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்பது இந்தச் சூடுதான். தாபமும் சூடு, நீறலும் சூடு. 'உளநீறல்' என்று வைப்போம்.

குளச்சலிலிருந்து:
பச்சாத்தாபம் மலையாளத்துக்கு மட்டும் பட்டா போட்ட சொல் இல்லை தம்பி. ஆனால் சுண்ணாம்புப் பானை பிடித்திருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:
எனக்கும்தான். இன்று வகுப்பில் 'உளநீறல்' என்று சொல்லிப் பார்த்தேன். பின்பெஞ்சிலிருந்து "திருநீறா டீச்சர்?" அப்புறம் என்ன, 'மன உறுத்தல்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் கழிவிரக்கமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நன்றி எல்லாருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து:
கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தும் டீச்சர். அதோடு கழிவிரக்கத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளியதற்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. எற்று பற்றித் தனியாக எழுதுகிறேன்.