லிஸ்பனில் எங்கே சாப்பிடலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

என் அனுபவத்தில் லிஸ்பனில் நல்ல தீனி பெரும்பாலும் கவுண்டரில் நின்றுகொண்டு சாப்பிடுவதுதான். பல கடைகளில் ஒரே காபிக்குக் கவுண்டரில் ஒரு விலை, மேசையில் ஒரு விலை, வெளியே வெயிலில் போட்ட நாற்காலியில் இன்னொரு விலை, பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். 'பிகா' என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கசப்பான கறுப்புக் காபி வரும். பால் வேண்டுமென்றால் 'கலாவ்' கேளுங்கள், கண்ணாடி டம்ளரில் தருவார்கள்.

முட்டைக் கஸ்டர்ட் டார்ட்டுக்கு எல்லோரும் பெலெம் போகச் சொல்வார்கள், போகலாம். 1837இலிருந்து நடக்கும் கடை, பக்கத்திலிருக்கும் ஜெரோனிமோஸ் மடத்துச் செய்முறை என்கிறார்கள். வாசலில் பயமுறுத்துகிற வரிசை பெரும்பாலும் பார்சல் வாங்குவோருடையது. நேராக உள்ளே போனால் நீல ஓடு பதித்த அறை அறையாக நீள்கிறது, பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். சூடாக வந்ததும் பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது ஷியாதுவில் இருக்கும் மாண்டெய்காரியாதான். அடுப்பிலிருந்து புதுத் தட்டு இறங்கினால் மணி அடிப்பார்கள், அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தால் மேலோடு நொறுங்கி சட்டையெல்லாம் தூள்.

அப்புறம் 'கூவெர்ட்'. உட்கார்ந்ததுமே நாம் கேட்காமல் ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் இல்லை. பைஷா பகுதியில் ஒரு கடையில் தொடாத சீஸுக்கும் பில் போட்டிருந்தார்கள், கேட்டதும் மறுபேச்சில்லாமல் கழித்துக்கொடுத்தார்கள். கேட்காததற்கும் தொடாததற்கும் காசு வாங்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. வேண்டாமென்றால் வைத்த உடனே எடுத்துப்போகச் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று மெனு அட்டையை நீட்டிக் கூப்பிடுகிற கடைகளுக்குள் போகவே போகாதீர்கள். மத்தியானம் கண்ணாடியில் காகிதம் ஒட்டி 'ப்ராத்து து தியா' என்று அன்றைய சாப்பாட்டை எழுதியிருக்கும் சின்னக் கடைக்குள், அலுவலக ஆட்கள் நுழைவதைப் பார்த்தால், பின்னாலேயே போய்விடுங்கள்.

குடிப்பவர்களுக்கு: சின்ன கிளாஸ் டிராஃப்ட் பியருக்கு அங்கே 'இம்பெரியால்' என்று பெயர். கூடவே உப்புத் தண்ணீரில் ஊறிய மஞ்சள் நிற லூபின் பருப்பு. விரலால் தோலைப் பிதுக்கினால் பருப்பு துள்ளி வாய்க்குள் போகும், ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ரோசியு பக்கம் சாவ் தொமிங்குஸ் சதுக்கத்தில் 1840இலிருந்து இருக்கும் பொந்து மாதிரியான கடையில் ஜிஞ்ஜினியா என்ற புளிப்புச் செர்ரி மது ஒரு மடக்கு. பழம் போட்டா, போடாமலா என்று கேட்பார்கள். போட்டே வாங்குங்கள்.

*

நாங்கள் சைவம், அத்தையும் கூட வந்திருந்தார், அதனால் எங்கள் கதை வேறு. 'கால்து வெர்தே' என்ற கீரை சூப் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், மேலே ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும். டோஸ்ட் கேட்டால் ஹாமும் சேர்ந்து வரும், 'சோ கெய்ஜு' என்றால் சீஸ் மட்டும் வைப்பார்கள். கவுண்டர் கண்ணாடிக்குள் சமோசா இருப்பதைப் பார்த்து அத்தைக்கு ஒரே சந்தோஷம். கோவா வழியாகப் போனது, 'ஷமூசா' என்கிறார்கள். ஆனால் உள்ளே பெரும்பாலும் கறிதான், கேட்டு வாங்க வேண்டும். அத்தை முட்டையும் தொட மாட்டார். அங்கே மடத்து இனிப்பு என்று எதை எடுத்தாலும் மஞ்சள் கருதான், பாவம், பழம் சாப்பிட்டே ஓட்டினார். கடைசியில் காப்பாற்றியது மார்த்திம் முனீஸ் பகுதி. மெட்ரோவில் இறங்கி பென்ஃபுர்மோசு தெருவில் நடந்தால் வங்கதேசத்துக்காரர்கள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பருப்பும் சோறும் கிடைத்தது.

*

மீன் பிரியர்கள் ஜூன் மாதம் போங்கள். 12ஆம் தேதி ராத்திரி, அந்தோனியார் திருவிழாவுக்கு முந்தின நாள், அல்ஃபாமா சந்துகளில் வீட்டு வாசலிலேயே கரியடுப்பு வைத்து மத்தி சுடுவார்கள். ரொட்டித் துண்டின் மேல் மீனை வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும், மீன் நெய்யெல்லாம் ரொட்டியில் இறங்கியிருக்கும், அதைக் கடைசியில் தின்பதுதான் சுகம். கூட்டம் நெரியும், புகை கண்ணைக் கரிக்கும், நல்ல துணி போட்டுக்கொண்டு போகாதீர்கள். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும், எல்லா அடுப்புக்காரரும் கார்டு வாங்க மாட்டார்கள்.